கடைசிச் சொல் யாருடையது?

வங்கதேசத்தின் வடகோடியில் இருக்கும் பஞ்சகர் மாவட்டத்தில், 2015 வரை ஒரு சணல் வயல் இந்திய மண்ணாக இருந்தது. தஹாலா கக்ராபாரி என்பது அதன் பெயர். பரப்பளவு இரண்டு ஏக்கருக்கும் குறைவு. வயலைச் சுற்றி வங்கதேசத்தைச் சேர்ந்த ஓர் ஊர். அந்த ஊரைச் சுற்றி இந்தியாவைச் சேர்ந்த நிலம். அதையும் வளைத்துக்கொண்டு மறுபடி வங்கதேசம். நாட்டுக்குள் நாடு, அதற்குள் நாடு, அதற்குள்ளும் நாடு என்று மூன்றடுக்காக அமைந்த எல்லை உலகில் அந்த ஓரிடத்தில்தான் இருந்தது.

அந்த வயலை உழுதவர் வங்கதேச விவசாயி. நிலமும் அவருடையதுதான். அப்படியென்றால் இந்தியாவுக்கு அங்கே என்ன சொந்தம்? அந்த மண்ணில் எந்தச் சட்டம் செல்லும், அங்கே ஒரு குற்றம் நடந்தால் யார் விசாரிக்கலாம், வரி விதிக்க யாருக்கு உரிமை, அதை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும் உரிமை இந்தியாவுடையது. அதன் பெயர்தான் இறையாண்மை. பட்டாவில் இருக்கும் பெயர் வேறு, இறையாண்மை வேறு. நிலத்தை வாங்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். அந்த வாங்கல் விற்றல் செல்லுமா என்று சொல்லும் கடைசி அதிகாரம் அரசிடம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரில் தொடங்கி வட்டாட்சியர், ஆட்சியர், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஒரு வழக்கு மேலே மேலே போகும்போது, இதற்கு மேல் போக இடமில்லை என்கிற எல்லை ஒன்று வரும். அந்த எல்லைக்கு அப்பால், வேறொரு நாட்டு அரசனோ அதிபரோ உத்தரவிட முடியாது. உள்ளே அதற்கு மேல் அதிகாரம் இல்லை, வெளியே அதற்கு எசமான் இல்லை என்னும் இந்த இரண்டு நிலைகளும் சேர்ந்தால்தான் இறையாண்மை முழுமை பெறும்.

இந்தக் கருத்துக்கு முதன்முதலில் தெளிவான உருவம் கொடுத்தவர் பிரெஞ்சு சட்ட அறிஞர் ழான் போதான். அவருடைய நூல் 1576இல் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸில் புராட்டஸ்டண்டுகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தார்கள். மதத் தலைவர்கள் ஒரு பக்கமும் பிரபுக்கள் மறுபக்கமும் ஆளுக்கொரு ஆணை பிறப்பித்துக்கொண்டிருந்த நாட்டில், கடைசி ஆணை ஒருவரிடமிருந்துதான் வரவேண்டும் என்றார் போதான். அவர் கண்ணுக்குத் தெரிந்த ஒருவர் மன்னர். ஆனால் அந்த மன்னருக்கும் அவர் சில தடைகளை வைத்தார். அவற்றில் ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அரசுக்குரிய பொது நிலத்தை மன்னர் தன் விருப்பப்படி பிறருக்குக் கொடுத்துவிட முடியாது. மன்னர் அதன் காவலர், உரிமையாளர் அல்லர்.

உள்நாட்டுப் போரில் சிதறிய இங்கிலாந்தைப் பார்த்து தாமஸ் ஹாப்ஸ் 1651இல் இன்னும் கடுமையான கோட்பாட்டை எழுதினார். அதற்குச் சற்று முன், 1648இல், முப்பதாண்டுப் போருக்கு முடிவுகட்டிய வெஸ்ட்பேலியா உடன்படிக்கைகள் வந்தன. ஒவ்வொரு ஆட்சியும் தன் எல்லைக்குள் தானே தலைமை என்னும் இன்றைய முறையின் தொடக்கமாக அதைச் சொல்வது வழக்கம். ஐரோப்பியர்கள் தங்களுக்குள் பேணிய இந்த மரியாதையை ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தர மறுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். காலனி நாடுகள் விடுதலை பெற்ற பிறகுதான், எல்லா நாடுகளுக்கும் சம இறையாண்மை என்னும் ஐ.நா. சாசனத்தின் வாக்கியத்துக்கு உண்மையான பொருள் கிடைத்தது.

இந்தியா சுதந்திரம் பெறுமுன்பே இதைப் பற்றி யோசித்துவிட்டது. 1946 டிசம்பர் 13 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானம், அரசின் எல்லா அதிகாரமும் மக்களிடமிருந்து பிறப்பது என்று சொன்னது. அரசியலமைப்பின் முகப்புரை மக்களின் பெயரில் தொடங்குவதும் அதனால்தான். போதான் மன்னரிடம் கண்ட கடைசிச் சொல், இங்கே மக்களிடம் வந்து சேர்ந்தது. எழுத்தில் வந்துவிட்டது. நடைமுறையில் அந்த மக்களை யார், எப்போது, எதற்காகக் கேட்டார்கள் என்பதற்கு வடக்கு வங்கத்தின் அந்தத் துண்டு நிலங்களே சாட்சி.

தஹாலா கக்ராபாரி போலத் தனித்துக் கிடந்த துண்டு நிலங்களுக்குச் சிட்மகால் என்பது அந்த வட்டாரத்து மக்கள் வழங்கும் பெயர். கூச் பிகார் மன்னர்களுக்கும் மொகலாய அதிகாரிகளுக்கும் இடையே நடந்த போர்களின் மிச்சமாக, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் நிலங்கள் திட்டுத் திட்டாக நின்றுவிட்டன. கூச் பிகார் மன்னரும் ரங்பூர் அதிகாரியும் சதுரங்கத்தில் ஊர்களைப் பணயம் வைத்து ஆடினார்கள் என்று ஒரு கதை உண்டு. அதற்குச் சான்றில்லை. மன்னராட்சிக் காலத்தில் இதனால் பெரிய துன்பம் எதுவும் இல்லை. யாருக்கு வரி கட்டுவது என்பது மட்டுமே கேள்வி. சந்தைக்கும் கோயிலுக்கும் மசூதிக்கும் யாரும் எங்கும் போகலாம்.

1947இல் ரங்பூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1949இல் கூச் பிகார் இந்தியாவுடன் இணைந்தது. வரிக் கணக்கில் மட்டும் இருந்த கோடுகள் திடீரென்று இரண்டு நாடுகளின் எல்லைகளாகிவிட்டன. 1952இல் பாஸ்போர்ட், விசா முறை வந்தது. இந்தியத் திட்டுக்குள் இருந்தவருக்கு இதன் பொருள் என்ன? பாஸ்போர்ட் வாங்க இந்திய அலுவலகத்துக்குப் போகவேண்டும். அங்கே போக அயல்நாட்டைக் கடக்கவேண்டும். அயல்நாட்டைக் கடக்க விசா வேண்டும். விசா வாங்க பாஸ்போர்ட் வேண்டும். வீட்டு வாசலைத் தாண்டி நாலு வயல் நடந்தாலே சட்டத்தை மீறியவர் ஆகிவிடும் நிலை.

அரசு அங்கே போகவில்லை. பள்ளிக்கூடம் இல்லை, மின்சாரம் இல்லை, மருத்துவமனை இல்லை, காவல் நிலையம் இல்லை. மின்கம்பிகள் பக்கத்து ஊரோடு நின்றுவிடும். திருட்டுப் போனால் புகார் கொடுக்க இடமில்லை. இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத் திட்டுகளில், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அக்கம்பக்கத்து இந்தியர் ஒருவரைத் தகப்பன் என்று பதிவேட்டில் எழுதவேண்டியிருந்தது. பெற்ற தகப்பனின் பெயர் அந்தப் பிள்ளையின் எந்தச் சான்றிதழிலும் இருக்காது. இரண்டு பக்கமும் சேர்த்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வாழ்ந்தார்கள். இறையாண்மை வரைபடத்தில் நூற்றுக்கு நூறு இருந்தது. தரையில் அதன் நிழல்கூட விழவில்லை. இதைத் தவறு என்று சொல்வது போதாது, அநீதி என்றே சொல்லவேண்டும்.

இதைத் தீர்க்க முதல் முயற்சி 1958 செப்டம்பரில் நடந்தது. நேருவும் பாகிஸ்தான் பிரதமர் பெரோஸ் கான் நூனும் திட்டுகளை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். கூடவே இன்னொன்றும் முடிவாயிற்று. ஜல்பைகுரி மாவட்டத்தில் பேருபாரி என்னும் பகுதி. பிரிவினையின்போது ராட்கிளிஃப் வகுத்த எல்லை விளக்கத்தின் தெளிவின்மையைக் காட்டி அதற்கு உரிமை கோரியிருந்தது பாகிஸ்தான். பாதி உனக்கு, பாதி எனக்கு என்று பிரித்துக்கொள்வதாக முடிவு. பேருபாரி மக்களை யாரும் கேட்கவில்லை. மேற்கு வங்கம் கொதித்தது.

ஒரு பிரதமர் கையெழுத்திட்டால் நாட்டின் நிலம் அடுத்த நாட்டுக்குப் போய்விடுமா? குடியரசுத் தலைவர் இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்திடம் அனுப்பினார். எல்லை எது என்று தெளிவுபடுத்துவதுதானே, அதற்கு அரசின் நிர்வாக அதிகாரமே போதும் என்பது மத்திய அரசின் வாதம். 1960 மார்ச்சில் வந்த கருத்துரை அதை ஏற்கவில்லை. நிலத்தைப் பெறவும் கொடுக்கவும் இறையாண்மையுள்ள நாட்டுக்கு அதிகாரம் உண்டு என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த அதிகாரத்தை அரசியலமைப்புச் சட்டம் காட்டும் வழியில்தான் செலுத்தமுடியும் என்றார்கள். அதாவது நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை பெற்று அரசியலமைப்பையே திருத்தவேண்டும். போதான் தன் மன்னருக்கு வைத்த அதே தடையை, ஒரு குடியரசின் நீதிமன்றம் பிரதமருக்கு வைத்தது. இந்திய இறையாண்மையைப் பற்றி வந்த தீர்ப்புகளில் இதற்குத் தனி இடம் தரவேண்டும்.

அதே ஆண்டு டிசம்பரில் ஒன்பதாவது திருத்தம் நிறைவேறியது. ஆனாலும் பேருபாரி கைமாறவில்லை. வழக்குகள் நீண்டன. 1965இல் போர், 1971இல் மறுபடி போர். கிழக்குப் பாகிஸ்தான் இருந்த இடத்தில் வங்கதேசம் பிறந்தது.

இந்த இடைவெளியில் மாநிலங்களின் கேள்வியும் எழுந்தது. நிலக்கரி வயல்களை மத்திய அரசு எடுத்துக்கொள்ளும் சட்டத்தை எதிர்த்து மேற்கு வங்கம் வழக்குத் தொடுத்தபோது, மாநிலங்களுக்கு இறையாண்மை கிடையாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். 1963இல் பதினாறாவது திருத்தம் வந்தது. திராவிட நாடு கோரிக்கையை மனதில் வைத்துக் கொண்டுவரப்பட்டது அது. தேர்தலுக்கு வேட்புமனு தருகிற ஒவ்வொருவரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்கும் வழக்கம் அதிலிருந்துதான் தொடங்கியது. மாநிலங்களவையில் அந்த மசோதாவை எதிர்த்துப் பேசிய அண்ணா, இறையாண்மை மக்களிடம் இருக்கிறது, கூட்டாட்சியில் அது ஓரிடத்தில் மட்டும் குவிந்து கிடப்பதில்லை என்னும் பொருளில் வாதிட்டார். பிரிவினைக் கோரிக்கையை அவரது கட்சி கைவிட்டது. அவர் எழுப்பிய வாதம், மாநில உரிமை பற்றிய ஒவ்வொரு விவாதத்திலும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

1974ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஓராண்டில் இந்திய அரசு அண்டை நாடுகளுடன் மூன்று உடன்பாடுகளைச் செய்தது. மூன்றிலும் இறையாண்மையின் மூன்று முகங்கள் தெரிகின்றன.

ஜனவரியில் செய்தது மனிதர்களைப் பற்றியது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களை, 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒன்பதே முக்கால் லட்சம் பேர் என்று கணக்குப் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவு செய்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974 ஜனவரியில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். யார் குடிமகன் என்று தீர்மானிப்பது இறையாண்மையுள்ள அரசின் உரிமை என்பது சர்வதேசச் சட்டத்தின் பழைய விதி. அந்த விதிப்படி இரண்டு அரசுகளும் தங்கள் உரிமைக்குள்தான் நடந்தன. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து மண்ணில் வாழ்ந்த மக்களை எண்ணிக்கையாக மட்டும் பார்த்த அந்த உடன்பாடுகளை நினைக்கையில் இன்றும் நெஞ்சு வலிக்கிறது. தலைமன்னாரில் கப்பலேறி வந்து, பார்த்தறியாத ஊர்களில் இறங்கிய குடும்பங்களின் கதைகள் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இன்னும் பேசப்படுகின்றன.

மே மாதம் இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரகுமானும் நில எல்லை உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். பேருபாரி இந்தியாவிலேயே இருக்கும். தஹாகிராம், அங்கர்போதா என்னும் இரண்டு திட்டுகள் வங்கதேசத்துடன் இருக்கும். அங்கே போக தீன் பிகா என்னும் குறுகலான நிலத்தை இந்தியா குத்தகைக்குத் தரும். மற்றத் திட்டுகள் கைமாறும். இந்தக் குத்தகையை எதிர்த்தும் வழக்குகள் நடந்தன. வழிவிடுவதால் இறையாண்மை போய்விடாது, அது இந்தியாவிடமே இருக்கிறது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பக்கத்து வீட்டாருக்கு நடைபாதை விடுவதால் மனை கைமாறிவிடுவதில்லை அல்லவா? உடன்பாட்டுக்காக வங்கதேசம் 1974லேயே தன் அரசியலமைப்பைத் திருத்திக்கொண்டது. இந்தியாவுக்கு நாற்பத்தோராண்டு ஆயிற்று.

ஜூன் மாதம் கச்சத்தீவு. 285 ஏக்கர் பரப்புள்ள, மனிதர் குடியில்லாத தீவு. அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு இரு கரை மக்களும் கூடும் இடம். உடன்பாட்டின்படி தீவு இலங்கையின் பக்கம் வந்தது. இங்கே அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் வரவில்லை. பேருபாரிக்குத் தேவைப்பட்டது கச்சத்தீவுக்கு ஏன் தேவைப்படவில்லை?

விடை கட்ச் பாலைவனத்தில் இருக்கிறது. 1965இல் கட்ச் பகுதியில் நடந்த மோதலுக்குப் பின் அமைந்த சர்வதேசத் தீர்ப்பாயம், 1968இல் சர்ச்சைக்குரிய பகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்கு அளித்தது. அதை எதிர்த்த வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைக் காட்டியது. ஐயமின்றி நம்முடையதாக இருக்கும் நிலத்தைக் கொடுத்தால் திருத்தம் வேண்டும். எல்லையே தெளிவில்லாத இடத்தில் தகராறைத் தீர்த்துக்கொள்வதற்கு அது வேண்டியதில்லை. கச்சத்தீவு எல்லை வரையறுக்கப்படாத, தகராறில் இருந்த இடம், எனவே இந்திய நிலம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது மத்திய அரசுகள் தொடர்ந்து சொல்லிவரும் நிலைப்பாடு. ராமநாதபுரம் சேதுபதிகளின் உரிமையை முன்வைக்கும் தமிழகம் இதை ஏற்கவில்லை. 1991இல் சட்டமன்றம் தீவை மீட்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2008இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனபோது முன்வைத்த வாதங்களில் பேருபாரித் தீர்ப்பும் ஒன்று.

சட்ட நுணுக்கம் எப்படி இருந்தாலும் ஒன்று உறுதி. திருத்தம் என்றால் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்திருக்கும், வாக்கெடுப்பு நடந்திருக்கும், ராமேசுவரத்து மீனவரின் குரல் அவைக்குறிப்பில் ஏறியிருக்கும். 1974 உடன்பாடு மீனவர்களும் பக்தர்களும் முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம் என்றது. 1976இல் பரிமாறப்பட்ட கடிதங்கள் ஒரு நாட்டுக் கடலில் மறுநாட்டார் மீன்பிடிப்பதை நிறுத்தின. வாழ்க்கை மாறப்போகிறவர்களைக் கேளாமலே இரண்டு முடிவுகளும் வந்தன. அரைநூற்றாண்டாகத் தீராத கோபத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கேட்டுச் செய்த கதையும் தமிழ்நாட்டுக்குப் பக்கத்திலேயே உண்டு. புதுச்சேரியில் கீழூர் என்னும் சிற்றூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள், எட்டுப் பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தரத் தாமதித்ததால், சட்டப்படியான இறையாண்மை 1962 ஆகஸ்ட் 16 வரை பிரான்ஸிடமே இருந்தது. தபால் நிலையமும் காவல் நிலையமும் இந்தியாவுடையவை, மண் மட்டும் சட்டப் புத்தகத்தில் பிரான்ஸுடையது என்ற நிலை எட்டாண்டு நீடித்தது. எந்தக் குடியுரிமை வேண்டும் என்று தெரிவு செய்யும் வாய்ப்பு மக்களுக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்றும் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் புதுச்சேரியிலிருந்தே வாக்களிக்கின்றன.

நவீன அரசின் இறையாண்மைக்கு வேறு நெருக்கடிகளும் உண்டு. 2015 ஜூலையில் கிரேக்க மக்களில் 61 சதவீதம் பேர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். சில நாட்களிலேயே அவர்களின் அரசு அதேபோன்ற நிபந்தனைகளுக்குத் தலையசைக்கவேண்டியதாயிற்று. பொது நாணயத்தை ஏற்றுக்கொண்ட நாட்டில், வங்கிகள் திறக்குமா என்பதை ஏதென்ஸ் மட்டும் தீர்மானிக்க முடியவில்லை. வர்த்தக ஒப்பந்தங்கள், கடன், ஆயுதக் கட்டுப்பாடு என்று நாடுகள் தம் அதிகாரத்தில் ஒரு பகுதியைத் தாமே விரும்பிக் கட்டுப்படுத்திக்கொள்வது இன்று அன்றாட நடைமுறை. விரும்பிச் செய்யும்வரை அதை இழப்பு என்று சொல்லமுடியாது. அந்த விருப்பம் யாருடையது என்பதுதான் சிக்கல்.

கிரேக்கர்கள் வாக்களித்த அதே மாதத்தில், வடக்கு வங்கத்தில் வேறொரு தெரிவு நடந்துகொண்டிருந்தது. மே 6, 7 தேதிகளில் மாநிலங்களவையும் மக்களவையும் எதிர்ப்பே இல்லாமல் அரசியலமைப்பின் நூறாவது திருத்தத்தை நிறைவேற்றியிருந்தன. 111 இந்தியத் திட்டுகள் வங்கதேசத்துக்கு, 51 வங்கதேசத் திட்டுகள் இந்தியாவுக்கு. ஏக்கர் கணக்கில் இந்தியா கொடுத்தது 17,160, பெற்றது 7,110. பத்தாயிரம் ஏக்கர் குறைந்ததே என்று சிலர் குறைப்பட்டார்கள். ஆனால் இந்தியாவால் ஒரு நாளும் போய்ச் சேரமுடியாத நிலம் அது. அங்கிருந்த குடிமக்களுக்கு அது தந்ததெல்லாம் அச்சமும் ஒளிந்து நடக்கும் வாழ்க்கையும்தான்.

இந்த முறை மக்களைக் கேட்டார்கள். அதிகாரிகள் வீடு வீடாகப் போய், இருக்கும் இடத்திலேயே இருந்து குடியுரிமை மாறுகிறீர்களா, பழைய குடியுரிமையோடு எல்லை தாண்டிப் போகிறீர்களா என்று விசாரித்துப் பதிந்தார்கள். இந்தியாவுக்கு வந்த திட்டுகளில் இருந்த 14,000க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூட வங்கதேசம் போக விரும்பவில்லை. வங்கதேசத்துக்குப் போன திட்டுகளில் 37,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் இந்தியாவைத் தெரிவு செய்து வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. மற்றவர்கள் வயலும் உறவும் இருக்கும் இடத்திலேயே நின்றார்கள். ஜூலை 31 நள்ளிரவில் சிட்மகால்கள் இல்லாமல் போயின.

வந்தவர்களுக்கு எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. தின்ஹாட்டா, மேக்லிகஞ்ச், ஹல்திபாரி ஆகிய இடங்களில் தகரக் கூரை முகாம்களில் ஆண்டுக் கணக்கில் இருந்தார்கள். விட்டுவந்த நிலத்தை விற்பது பலருக்குப் பெரும்பாடாக இருந்தது. இந்தியாவில் இணைந்த திட்டுகளில் இருந்தவர்களுக்கோ, உழுகிற நிலத்துக்கு இந்தியப் பதிவேட்டில் பெயரே இல்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் அவர்கள் முதல்முறையாக வாக்களித்தார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டிய முதியவர்களும் முதல் வாக்காளர்களாக வரிசையில் நின்றார்கள். நில உரிமையைப் பதிவு செய்ய வழிவகுக்கும் சட்டத் திருத்தத்தை மேற்கு வங்கச் சட்டமன்றம் 2018இல்தான் நிறைவேற்றியது. வாக்குச்சீட்டுக்கும் பட்டாவுக்கும் இடையே அவர்கள் இரண்டாண்டு காத்திருக்க நேர்ந்தது.